ஜெயித்த மேல்முறையீடு

தீர்ப்பு வந்ததைச் சொல்ல மார்வாவே நேரில் வந்தாள், பீச் பழம் வைத்த 'பை' பலகாரம் ஒன்றைச் சுட்டு எடுத்துக்கொண்டு. சீர்திருத்தப் பள்ளியின் பார்வையாளர் அறையில் அவள் முகம் அப்படி மலர்ந்து டெலியா பார்த்ததே இல்லை.

"நாம ஜெயிச்சுட்டோம்டி. உன் கேஸை முதல்லேருந்து விசாரிக்கச் சொல்லிட்டாங்க."

"முதல்லேருந்தா?" என்று டெலியா கேட்டாள்.

அவளை வளர்த்தவள் பெரியம்மா மார்வாதான். நெப்ராஸ்காவின் அந்தச் சிற்றூரில், பனிக்காலத்துக்குப் பூட்டிக் கிடந்த ரோலர் ஸ்கேட்டிங் அரங்கின் கண்ணாடிகளை டெலியா உடைத்ததும் சுவரெல்லாம் பெயின்ட் அடித்ததும் உண்மை. தீ வைத்தது அவளல்ல. அவள் முன்வாசலில் கல்லெறிந்துகொண்டிருந்தபோது உள்ளே இருந்தவன் மார்வாவின் மகன் வெஸ். அவனுக்கு அப்போதுதான் பதினெட்டு முடிந்திருந்தது. மாட்டினால் பெரியவர்களின் சிறை. "உனக்குப் பதினஞ்சுதானே, சில மாசத்துல விட்டுடுவாங்க" என்று கெஞ்சினான். நீதிபதி கேட்டபோது எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பத்தொன்பது வயதுவரை உள்ளே என்றார்கள்.

என்ன விளைவு வரும் என்று சொல்லாமலே ஒரு சிறுமியின் ஒப்புதலை வாங்கியது செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் இப்போது சொல்லிவிட்டது. அந்த வழக்குக்காக ஒற்றை ஆளாய் அலைந்தவள் மார்வா.

அடுத்த வாரம் வக்கீல் இங்க்ரிட் வந்தாள். தீ வைத்தது யார் என்று சொன்னால் அந்தக் குற்றச்சாட்டை விட்டுவிட அரசுத் தரப்பு தயார் என்றாள்.

"ஜெயிச்சதைத் திருப்பிக் குடுக்க முடியுமா?" என்று டெலியா கேட்டாள்.

இங்க்ரிட் சிரித்தாள். டெலியாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

விசாரணையன்று மார்வா முன்வரிசையில் இருந்தாள். இத்தனை நாளும் எட்டிப் பார்க்காத வெஸ்ஸையும் கட்டாயப்படுத்திக் கூட்டி வந்திருந்தாள். வக்கீல் தடுத்தும் கேட்காமல், தீ வைத்தது தான்தான் என்று டெலியா மறுபடியும் சொன்னாள். புது நீதிபதி லேசில் விடவில்லை. நிதானமாக எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, எந்த இடத்தில் தீ வைத்தாய் என்று கேட்டார். டெலியா திணறினாள். டிக்கெட் கவுன்டரில் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். நீதிபதி கோப்பைப் புரட்டினார்.

"தீ அங்கே ஆரம்பிக்கலைம்மா. இதை நான் ஏத்துக்க முடியாது."

இடைவேளை விட்டார்கள். நடைக்கூடத்தில் மார்வா மகனைச் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"அப்போ எங்கதான்டா பத்துச்சு?"

"ஷூ வைக்கிற ரூம்ல" என்றான் வெஸ். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. மார்வா சுவரைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். ஓடிப்போய் அவள் கையைப் பிடிக்க நினைத்த டெலியாவைக் காவலர் விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மார்வா எழுந்து மகனின் சட்டைக் கையைப் பற்றினாள். "வாடா, போய்ச் சொல்லலாம்" என்றாள். அவன் முரண்டு பிடிக்கவில்லை.

கண்ணாடி உடைத்ததற்கு இதுவரை உள்ளே இருந்ததே போதும் என்று டெலியாவை விட்டுவிட்டார்கள். மார்வாவின் வீட்டைத் தவிர அவளுக்குப் போக்கிடம் இல்லை. மார்வாவுக்கும் அவளை விட்டால் வேறு துணை இல்லை. காவலில் இருக்கும் வெஸ்ஸின் பெயரை இருவருமே எடுப்பதில்லை. அவன் வழக்கு ஜூனில் வருகிறது. அரசுத் தரப்பின் முதல் சாட்சி டெலியா.

சாட்சி சொல்ல அவளுக்குச் சம்மன் வந்த அன்று, சாப்பாட்டு மேசையில் மார்வா முதல்முறையாகக் கேட்டாள்.

"எல்லாத்தையும் சொல்லித்தான் ஆகணுமா?"

"கேட்டா சொல்லணுமாம், பெரியம்மா."

மார்வா தலையசைத்தாள். உருளைக்கிழங்கை இன்னொரு கரண்டி எடுத்து அவள் தட்டில் வைத்தாள்.

"சாப்பிடு" என்றாள்.

டெலியா சாப்பிட்டாள்.