கிளட்ச் இல்லாத கார்

மயிலம்மாளுக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று எவனாவது சொன்னால் அவன் நாக்கு அழுகிப்போகும். பின் சீட்டில் முட்டைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு இருபது வருஷம் ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் ஓட்டியவள் அவள். புருஷன் சின்னராஜ் ரிக் லாரியோடு வடக்கே போர்வெல் போடப் போனால் திரும்பி வர ஆறு மாதம் ஆகும். கோழிப்பண்ணையும் அந்தப் பழைய வெள்ளைக் காரும் அவள் பொறுப்பு. சோக்கை இழுத்து ஸ்டார்ட் பண்ணுவாள், கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்குவாள். ஹேண்ட் பிரேக் மட்டும் அந்தக் காரில் பேருக்குத்தான் இருந்தது. அதனால் எங்கே நிறுத்தினாலும் பின் டயருக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுக்காமல் நகர மாட்டாள்.

மகன் கோகுல்ராஜ் புதிதாக வாங்கிய கார் அவளுக்கு ஆகவே ஆகவில்லை. சாவி போட ஓட்டை இல்லை, கிளட்ச் இல்லை, கியர் மாற்றுகிற வேலையும் இல்லை. "பொத்தான அமுக்குனா ஓடறதுக்குப் பேரு காரா, மிக்சியாடா?" என்றாள். அவன் சிரித்தான். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற பிள்ளை.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மாவும் மகனுமாகக் காரைக் குலதெய்வம் பொன்னாயி கோயிலுக்குப் பூஜை போடக் கொண்டுபோனார்கள். கரட்டடியில், பாறைக் குன்றின் சரிவில் இருக்கிற சின்னக் கோயில். பூசாரி மாரியைத் தவிர அங்கே ஈ காக்கை இல்லை. சாவியை அம்மன் காலடியில் வைத்து எடுக்க வேண்டும், அதுதான் வழக்கம். ஏசி ஓடட்டும் என்று என்ஜினை அணைக்காமலேயே கோகுல்ராஜ் இறங்கி, சாவியை மாரியிடம் கொடுத்தான். கார் கீக்கீ என்று கத்தியது. ஆனால் என்ஜின் நிற்கவில்லை.

"ஏனுங் தம்பி, சாவி என்ற கையில இருக்குது, வண்டி ஓடுதே!" என்றான் மாரி.

"ஸ்டார்ட் ஆகறதுக்குத்தானுங் சாவி பக்கத்துல இருக்கோணும். ஆனதுக்கப்புறம் அது எங்க போனாலும் வண்டி நிக்காது. அணைச்சுப்போட்டா மறுக்கா சாவி வேணும்."

மாரி தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனான். மயிலம்மாளுக்குத்தான் பொறுக்கவில்லை. "சரிவுல நிக்குது, என்ஜின் வேற ஓடுது. டயருக்கு ஒரு கல்லு வைடா."

"இதுக்கு அதெல்லாம் வேண்டாங்கம்மா. அதுவே புடிச்சுக்கும்."

"வைடான்னா வைக்கோணும்."

அம்மா பேச்சைத் தட்டாத பிள்ளை, வேலியோரம் கிடந்த கல்லை இடது கையால் புரட்டினான். அடியில் கிடந்தது நல்ல பாம்பு. படக்கென்று கையை உதறினான். அதற்குள் மணிக்கட்டுக்கு மேலே கொத்திவிட்டது.

அடக் கடவுளே! அவளே வைக்கச் சொன்ன கல். மாரி ஓடிவந்து ஆம்புலன்சுக்குப் போன் போட்டான். முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர். இரண்டு பேருமாக அவனைத் தாங்கி முன் சீட்டில் உட்கார வைத்தார்கள். "நீங்க ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சொல்லுங்க!" என்று மாரியிடம் கத்திவிட்டு அவள் ஸ்டீயரிங்குக்கு முன்னால் ஏறினாள். தன் பெல்ட்டை மாட்டிக்கொண்டு பார்த்தால், எதைத் தொடுவது என்றே தெரியவில்லை.

"பிரேக்க மிதிச்சுக்கிட்டு இந்தக் கியர்க் குச்சியப் பின்னால இழுங்கம்மா. டி-ங்கற எழுத்து வர்ற வரைக்கும். அவ்வளவுதான்" என்றான் கோகுல்ராஜ். குரல் தெளிவாகத்தான் இருந்தது.

கார் கிளம்பியது. தார் ரோட்டில் ஏறியதும் பழைய புத்திக்கு இடது கால் தானாகக் கிளட்சைத் தேடிப் போய், அகலமான பிரேக்கை ஓங்கி மிதித்தது. கார் குத்திக்கொண்டு நின்றது. கோகுல்ராஜின் தலை முன்னால் போய் வந்தது. "ஐயோ சாமி!" என்று அலறினாள். அதற்கப்புறம் இடது காலைச் சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டாள்.

நாலைந்து கிலோமீட்டர் போன பிறகுதான், முன்னால் இருந்த திரையில் ஏதோ இங்கிலீஷில் மின்னி மின்னி மறைவதைக் கவனித்தாள். அதில் சாவிப் படம் ஒன்றும் இருந்தது. சாவி அம்மன் காலடியில்! திரும்பிப் போகலாமா என்று மகனைப் பார்த்தாள்.

"போங்கம்மா. அணைச்சுராதீங்க" என்றான். நாக்கு குழறியது. கண்ணிமைகள் பாதி இறங்கியிருந்தன.

அந்த இமைகளைப் பார்த்ததும் அவளுக்குப் பழைய சாவு ஒன்று ஞாபகம் வந்தது. பாம்பு கடித்த பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவரை இப்படித்தான் கொண்டுபோனார்கள். முதலில் கண் சொருகியது, பிறகு பேச்சு நின்றது, பிறகு மூச்சு. "தூங்காத கண்ணு. அம்மாவப் பாரு" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினாள். ரோட்டின் வெள்ளைக் கோட்டைத் தாண்டும்போதெல்லாம் ஸ்டீயரிங் அவள் கையில் கடகடவென்று நடுங்கியது. கோட்டைத் தாண்டாதே என்று கார்தான் எச்சரிக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது.

நாமக்கல்லுக்கு ஆறு கிலோமீட்டர் இருக்கும்போது ரயில்வே கேட் போட்டிருந்தது. முன்னால் ஒரு பஸ், இரண்டு லாரி. பின்னால் ஒரு தீவன வண்டி வந்து ஒட்டிக்கொண்டது. பிரேக்கை மிதித்தாள். கார் நின்றது. அடுத்த நொடி என்ஜினும் நின்றுவிட்டது.

ஒரு சத்தமும் இல்லை. அவள் எதையும் தொடவில்லை, எந்தப் பொத்தானையும் அமுக்கவில்லை. தானாக அணைந்துவிட்டது. சாவியோ பதினாறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். போச்சு, எல்லாம் போச்சு.

"கோகுலு, வண்டி நின்னு போச்சுடா!"

அவனிடமிருந்து குர்ர் என்று ஒரு சத்தம்தான் வந்தது. வாயோரம் எச்சில் ஒழுகியது. கண்ணாடியை இறக்கி யாரையாவது கூப்பிடலாமென்று கதவைத் தடவினாள். சுற்றுகிற கைப்பிடி இல்லை. எதையோ அமுக்கினாள், பின் கண்ணாடி இறங்கியது. "பாம்பு கடிங்க! யாராச்சும் வாங்க!" என்று கத்தினாள். தண்டவாளத்தில் வந்துகொண்டிருந்த கூட்ஸ் வண்டியின் சத்தம் அவள் குரலை விழுங்கிவிட்டது.

இறங்கி ஓடுவதைத் தவிர வழியில்லை. லாரிக்காரன் காலில் விழுந்தாவது பிள்ளையை ஏற்றிவிட வேண்டும். பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலேயே பெல்ட் பூட்டுக்குக் கையைக் கொண்டுபோனாள். அப்போது கோகுல்ராஜின் வலது கை வந்து அவள் கையை அந்தப் பூட்டோடு சேர்த்து அமுக்கியது.

"விடு சாமி. ஆள் கூட்டியாறேன்."

அவன் விடவில்லை. இமைகளைத் தூக்க முடியவில்லை, பேச முடியவில்லை. ஆனால் அந்தப் பிடி மட்டும் இரும்பு. அவள் இழுத்தாள். அவன் இன்னும் இறுக்கினான். தொண்டையிலிருந்து ம்ம், ம்ம் என்றான். வேண்டாம் என்கிறான் என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது.

இனிப் பிழைக்க மாட்டோம் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் போக விடமாட்டேன் என்கிறான். தனியாக விட்டுவிட்டுப் போகாதே என்கிறான். இதற்கு மேல் எந்தத் தாய் கையை உதறுவாள்?

"போகல சாமி. அம்மா எங்கயும் போகல" என்றாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவன் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூட்ஸ் பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. அவ்வளவு நீளமான ரயிலை அவள் பார்த்ததில்லை.

கேட் மேலே ஏறியது. முன்னால் லாரிகள் நகர்ந்தன. இனி என்ன இருக்கிறது என்று, மிதித்து மிதித்து மரத்துப்போன வலது காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தாள்.

என்ஜின் ஓட ஆரம்பித்தது!

எப்படி என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. ஹாரனை அமுக்கியபடியே தண்டவாளத்தைத் தாண்டினாள். திறந்த கண்ணாடி வழியாகக் கத்தியதைக் கேட்டு, பைக்கில் வந்த ஒருவர் முன்னால் போய் வழி ஏற்படுத்திக் கொடுத்தார். கோகுல்ராஜின் கை அவள் இடது கையை இன்னும் பிடித்திருந்தது. அவளும் விடவில்லை. பழைய காரென்றால் அந்தக் கை கியருக்குப் போயாக வேண்டும். இதில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. ஒற்றைக் கையாலேயே ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஓட்டினாள். நர்சுகள் வந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

விஷமுறிவு மருந்து போட்டார்கள். இரண்டு நாள் மெஷின்தான் மூச்சு விட்டது. மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள். நான்காம் நாள் அவன் அரைத் தம்ளர் கஞ்சி குடித்த பிறகுதான் மயிலம்மாளுக்கு உயிர் வந்தது.

"கேட்டுல அம்மா உன்னய உட்டுட்டுப் போயிருவேன்னு நெனச்சியா சாமி?" என்று கேட்டாள்.

கோகுல்ராஜ் சிரித்தான். குரல் இன்னும் கரகரவென்றுதான் இருந்தது. "அட, அது இல்லீங்கம்மா. டீசல் மிச்சமாகட்டும்னு நின்ன எடத்துல அதுவே அணைஞ்சுக்கும். பிரேக்க உட்டா ஓடும். நீங்க பெல்ட்டக் கழட்டிக் கதவத் தொறந்திருந்தா மொத்தமா அணைஞ்சிருக்கும். அப்புறம் சாவி இல்லாம எடுக்கவே முடியாது. அதச் சொல்லத்தான் வாய் வல்ல."

இவ்வளவுதானா? மயிலம்மாளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. மெஷின் விஷயத்துக்குப் போய் அப்படி அழுதிருக்கிறோமே என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கஞ்சித் தம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தவள், அப்படியே நின்றாள்.

"சரிடா. கேட்டத் தாண்டுன பொறகு எதுக்குப் புடிச்சிருந்தே?"

சிரித்துக்கொண்டிருந்தவன் சிரிப்பை நிறுத்தினான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"பயமா இருந்துச்சுங்கம்மா" என்றான்.