இருநூற்று நாற்பது

மூன்றாவது தடவை வந்தபோதும் டாக்டர் சுப்பராமன், வெள்ளைத்துரையின் கையில் கட்டிய ரத்த அழுத்தப் பட்டையைக் கழற்றிவிட்டு, "நூத்திருபது, எண்பது. ஒமக்கு ஒண்ணுமில்லை. நரம்புத் தளர்ச்சி. ஒரு கல்யாணத்தைப் பண்ணிண்டா சரியாப் போயிடும்" என்றார்.

வெள்ளைத்துரைக்கு உச்சந்தலை வரை எரிந்தது. பாண்டி பஜார் ஜவுளிக்கடையில் புடவை விரித்துப் போடுகிற வேலை அவனுக்கு. இரண்டு வருஷமாக, ஒண்ணுக்குப் போனால் போதும், மண்டை பிளக்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், சட்டை நனையும், சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிடுவான். பத்து நிமிஷத்தில் ஆள் சரி. இந்த ஆஸ்பத்திரியிலும் சோதனைக்கு மூத்திரம் பிடித்துக் கொடுத்துவிட்டு வரிசையில் நின்று உள்ளே வருவதற்குள் எல்லாம் அடங்கியிருக்கும்.

"இவன் கக்கூஸ் போயிட்டு வாரதுக்குள்ள ஒரு கல்யாணக் கும்பலே புடவை எடுத்துட்டுப் போயிருதுல்லா" என்று கடையில் சிரிப்பு. தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டான். நேற்று முதலாளி சொல்லிவிட்டார்: "நடிக்காத. டாக்டர் கடுதாசி கொண்டா, இல்லன்னா திருநவேலிக்கு ரயிலேறு."

"அய்யா, ஒண்ணுக்குப் போனாத்தான் வருது. போன உடனே பாருங்க."

"கக்கூஸ் வாசல்ல வந்து உட்காரவா நான் படிச்சேன்?"

கதவோரம் நின்ற சிப்பந்தி கணேசமூர்த்தி சிரித்தான். "இன்னா நைனா, டாக்டராண்டயே வாய் பேசற? எந்திரி. வெளிய எத்தினி பேரு குந்திகினு கீறாங்க!"

வெள்ளைத்துரை எழுந்தான். வாசல் பக்கம் போகவில்லை. மேசையடியில் கிடந்த எனாமல் பேசினை எடுத்துக்கொண்டு பச்சைத் திரைக்குப் பின்னால் போனான். இன்று சோதனைக்கும் கொடுக்காமல் காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது.

"டேய்! இன்னாடா பண்ற அங்க?"

பேசினில் விழுந்த சத்தம் நின்றது. திரையைப் பிடித்தபடி வெளியே வந்தவன் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. மூக்கு நுனியில் வேர்வை சொட்டியது. நாற்காலியில் விழுந்து கையை நீட்டினான்.

"இப்பக் கட்டும்வே!"

டாக்டர் கட்டினார். பாதரசம் ஏறியது. இருநூற்று நாற்பது. நம்பாமல் இறக்கிவிட்டு மறுபடி அழுத்தினார். அதே இடம். கணேசமூர்த்தி சிரிப்பதை விட்டிருந்தான்.

"மூத்திரப்பைச் சுவர்ல ஒரு கட்டி இருக்கலாம்" என்றார் டாக்டர், குரல் இறங்கி. "ரொம்ப அபூர்வம். பை சுருங்கறச்சே அது ஏதோ ஒரு நீரை ரத்தத்துல கொட்டும், பிரஷர் எகிறிடும். புஸ்தகத்துலதான் படிச்சிருக்கேன். குழாய் விட்டுப் பாக்கணும். இருந்தா ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்." சட்டென்று நிமிர்ந்தார். "ஏன் ஓய், இதை முன்னாடியே சொல்லப்படாதோ?"

வெள்ளைத்துரை மேசை மேலிருந்த காகிதத்தை அவர் பக்கம் தள்ளினான்.

"நான் நடிக்கலன்னு எழுதும். மூணு தடவ வந்து சொன்னேம்லா, அந்த மூணு தேதியையும் போட்டு எழுதும்."