தொட்டாச்சிணுங்கி முள்

மீராசாஹிப் அன்று விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் போனபோது அவருடைய ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. பள்ளிவாசல் முற்றத்தில் செருப்பைக் கழற்றக் குனிந்தபோதுதான் வலது கால் வெறுங்காலாக இருப்பதைக் கண்டார். வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். ரம்புக்கனைக் கடைத்தெரு பனிக்குள் கிடந்தது. செருப்பு எங்கே கழன்றதோ, எவ்வளவு தூரம் வெறுங்காலோடு வந்தாரோ, அவருக்குத் தெரியவில்லை. சரளைக்கல் குத்தியிருக்க வேண்டும். ஓரத்துப் புல்லின் ஈரம் பட்டிருக்க வேண்டும். கால் எதையும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி நூரியா கதவைத் திறந்தாள்.

"ஒங்கட செருப்பு எங்க?"

"தெரியா," என்றார். பிறகு வெட்கத்தோடு, "ரெண்டு மாசமா இப்பிடித்தான் ஈக்குது நூரியா. பஞ்சுக்கு மேல நடக்குற மாதிரி," என்றார்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துநாலாம் வருஷம். மீராசாஹிபுக்கு வயது நாற்பத்தைந்து. ரயில் நிலையத்துக்குக் கிட்ட அவருக்கு ஒரு துணிக்கடை இருந்தது. கடை வைப்பதற்கு முன் பதினைந்து வருஷம், துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அரநாயக்க மலைத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கி விற்றவர் அவர். அப்போது வழியில் கிடைத்ததுதான் சாப்பாடு. ஒரு சிங்கள வீட்டில் அவித்த பலாக்காய், ஒரு லயத்தில் கூழ், தாகத்துக்கு ஓடைத் தண்ணீர். கடை வந்த பிறகு நாற்காலி வந்தது. ரங்கூனிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் மில் அரிசி வந்தது. முல்லைப் பூப்போல வெளுத்த சோறு. காலையில் பேக்கரி ரொட்டி, டின்பால் தேநீர். பள்ளிவாசலுக்கு மட்டும்தான் நடை, மற்றதற்கெல்லாம் மாட்டு வண்டி. பட்ட கஷ்டம் போதும் என்று அவரும் நினைத்தார், ஊரும் நினைத்தது.

நூரியாவுக்கு முப்பத்தாறு வயது. ஒரே மகள் கேகாலைக்குக் கல்யாணமாகிப் போன பிறகு வீட்டுக்குள் அவளுக்கு வேலை குறைந்துவிட்டது. வெளியே போவதென்றால் திரை போட்ட வண்டி. அவளுக்கு அடிக்கடி தலைவலிக்கும், தூக்கம் வராது. மாடிப்படி பாதி ஏறினாலே மூச்சு வாங்கும். அதையெல்லாம் ஒரு நோய் என்று யாரும் சொன்னதில்லை. அவளும் சொன்னதில்லை.

டவுனில் இருந்த டாக்டர் ஒரு சிவப்பு மருந்தைக் கொடுத்து, காலுக்கு நன்றாக ஓய்வு கொடுக்கச் சொன்னார். மீராசாஹிப் ஒரு மாதம் ஓய்வெடுத்தார். ஓய்வெடுக்க எடுக்கக் கால் கனத்தது. கடை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, தன் பாதங்களை வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைத் தோட்டத்திலிருந்து மூக்காயி துணி எடுக்க வந்தாள். கொழுந்து பறிப்பவள். அவளுடைய கல்யாணச் சேலை மீராசாஹிபின் தோள் மூட்டையிலிருந்து வந்தது என்பதால், மற்றக் கடைகளைத் தாண்டி இங்கேதான் வருவாள். சேலையை எடுத்துக் காட்ட மீராசாஹிப் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்ததை அவள் பார்த்தாள்.

"மொதலாளி, கைய விட்டுட்டு நில்லுங்க பாப்போம்."

அவர் கையை விட்டார். உடம்பு ஆடியது. மறுபடி பிடித்துக்கொண்டார்.

"எங்க வீட்டுக்காரருக்கும் போன வருசம் இதேதாங்க," என்றாள் மூக்காயி. "தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுற மனுசன், வாசப்படி ஏற முடியாம ஒக்காந்துட்டாரு. காலு மரக்கட்டை மாதிரி ஆயிருச்சு."

"இப்ப?"

"இப்ப மலையேறி வேலைக்குப் போறாரு."

கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு திரை தொங்கும். அந்தத் திரை விலகியது. நூரியா கடைக்குள் வந்து நின்றாள். இத்தனை வருஷத்தில் ஆட்கள் இருக்கும்போது அவள் கடைப்பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை.

"என்ன மருந்து குடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"மருந்தே இல்லீங்கம்மா. வெள்ள அரிசிய நிப்பாட்டுனேன். எங்க அப்பன் பாட்டன் அக்கரைச் சீமையில தின்னது கேப்பையும் குத்தரிசியுந்தான். இங்க வந்துதான் இந்த வெளுத்த சோத்தப் பாத்தோம். பக்கத்துச் சிங்களக் கிராமத்துல காட்ட வெட்டிப் பயிர் வெக்கிற சேனையில களை எடுத்துக் குடுத்து, குரக்கன் வாங்கியாந்தேன். அவங்க குரக்கங்கிறதுதான் எங்களுக்குக் கேப்பை. நெல்ல உரல்ல குத்தி, தவிடு போகாம கஞ்சி வச்சேன். வல்லாரை, பொன்னாங்காணின்னு கண்ணுல பட்ட கீரையெல்லாம் ஆக்கிப் போட்டேன். அப்புறம் தெனம் வெள்ளனா எழுப்பி, மண்ணுல வெறுங்காலோட நடக்க வச்சேன். அஞ்சு மாசம்."

"டாக்டர் நடக்க வேணாம்னு சொல்லுறாரு," என்றார் மீராசாஹிப்.

மூக்காயி சேலையைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "நடந்த காலுங்க அது. ஒக்கார வச்சா கோவிச்சுக்காதா?" என்றாள்.

அன்று பின்னேரமே நூரியா உரல் ஒன்று வாங்கிவரச் சொன்னாள். மறுநாள் நெல் குத்தத் தொடங்கினாள். முதல் நாள் அரைக் கொத்து அளவு குத்துவதற்குள் கை கொப்பளித்தது. தவிட்டின் மணம் அடுக்களை முழுக்கப் பரவியது. மழை பெய்த மண்ணும் பாலும் கலந்தது போன்ற அந்த மணம் அவளுக்குப் பிடித்திருந்தது. சிவந்த சோற்றை மீராசாஹிப் முதலில் முகம் சுளித்துத் தின்றார். நாலாம் நாள் இன்னொரு அகப்பை கேட்டார்.

நடப்பதுதான் சிக்கலாக இருந்தது. தரை தெரியாத கால், கல்லில் விழும், குழியில் விழும். கூட ஒருவர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

"நான் வாறன்," என்றாள் நூரியா.

"நீயா? நடந்தா?"

"ஒங்கட காலுக்குக் கண் வேணும்ல?"

சுபஹ் தொழுத பின், தெரு விழிப்பதற்கு முன் அவர்கள் புறப்பட்டார்கள். நூரியா தலையை மூடிய வெள்ளைத் துணியோடு ஓரடி முன்னால். அவள் தோளில் கை வைத்தபடி மீராசாஹிப் பின்னால். செருப்பில்லை. கடைத்தெரு தாண்டி, தண்டவாளம் தாண்டி, ரப்பர் மரங்களுக்கு நடுவே மா ஓயா ஆற்றுக்கு இறங்கும் மண்பாதை. மரங்களின் அடி தெரியவில்லை, நுனி தெரியவில்லை. நடுத்தண்டுகள் மட்டும் பனியில் மிதந்தன. எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம். எங்கோ ஒரு சேவல். தூக்கம் இன்னும் கலையாத உலகத்துக்குள் தங்களை மட்டும் யாரோ உள்ளே விட்டுவிட்டது போல இருந்தது நூரியாவுக்கு.

"கல் ஈக்குது. எடப்பக்கம் வைங்க," என்பாள். "வேர். காலத் தூக்குங்க."

அவர் தூக்குவார். சொன்ன இடத்தில் வைப்பார்.

பால் பானையோடு எதிரே வந்த சிங்களக் கிழவர் ஒருவர் ஒதுங்கி நின்று, "ஹெமின், ஹெமின்" என்றார். மெதுவாக, மெதுவாக என்று. பிறகு தினமும் அவர் அதையே சொன்னார். அவர்களும் சிரிப்பார்கள்.

ஆற்றங்கரையில் மீராசாஹிப் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி நிற்பார். வீட்டுக்கு வந்ததும் நூரியா அவருடைய பாதங்களை மடியில் வைத்து, வெயில் விழும் இடத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். வலி தெரியாத காலில் காயம் ஒளிந்திருக்குமே. பிறகு தேங்காயெண்ணெய் தடவிவிடுவாள். அவளுடைய சொந்தப் பாதங்கள்தான் முதல் வாரம் புண்ணாகின. அதை அவள் சொல்லவில்லை.

ஆறாவது வாரம், ஆற்றில் நின்றுகொண்டிருந்தவர் மெதுவாகக் குனிந்து தண்ணீரைப் பார்த்தார்.

"நூரியா, குளிருது."

"பனிதானே."

"மேலுக்கில்ல. காலுக்கு."

அவள் தண்ணீருக்குள் இறங்கி அவர் பக்கத்தில் நின்றாள். பாவாடை நனைந்தது. இரண்டு எஞ்சின் பூட்டிய ரயில் ஒன்று, முன்னால் ஒன்று இழுக்க, பின்னால் ஒன்று தள்ள, கண்டிப் பக்கம் மலையேறத் தொடங்கிய சத்தம் பனிக்கு மேலே கேட்டது. அந்தச் சத்தம் தேய்ந்து போகும் வரை இருவரும் அசையவில்லை.

ஊர் பேசியது. மீராசாஹிப் நானா என்று கூப்பிடும் அண்ணன் சம்சுதீன் ஒருநாள் வந்து நின்றார்.

"தம்பி, ஊரு சிரிக்குது. பொஞ்சாதி வெறுங்காலோட முன்னுக்கு நடக்கிறா. நீ தோளப் புடிச்சிக்கிட்டு பின்னால போற. வண்டி இல்லையா ஒனக்கு?"

"வண்டிதான், நானா, என்னை இந்த நெலமைக்குக் கொண்டு வந்து விட்டது."

"மரியாத எண்டு ஒண்டு ஈக்குதே."

மீராசாஹிப் தன் பாதத்தைக் காட்டினார். "போன மாசம் இந்தக் கால் எரிஞ்சாலும் எனக்குத் தெரியா," என்றார். "இப்ப குளிரு தெரியுது. அவ தோளப் புடிச்சித்தான் தெரிய வந்திச்சி. அத ஊரு எப்பிடிச் சிரிச்சாலும் சிரிக்கட்டும்."

சம்சுதீன் கோபத்தோடுதான் போனார். ஆனால் போகும்போது, வாசலில் தவிட்டுக் கஞ்சி ஒரு கோப்பை குடித்துவிட்டுத்தான் போனார்.

ஐந்தாவது மாதம் மூக்காயியின் தோட்டத்துக்குப் போய்வரலாம் என்று மீராசாஹிப் சொன்னார். மாவனல்லையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் ராத் தங்கி, விடிந்ததும் மலைப்பாதையில் ஏறினார்கள். பதினைந்து வருஷம் மூட்டையோடு அவர் ஏறிய பாதை. நூரியாவுக்கு அது வெறும் பெயர்களாக மட்டுமே தெரிந்த பாதை. இந்தப் பாறை, அந்த ஓடை என்று அவர் வீட்டில் சொன்னதெல்லாம் இப்போது பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளிவந்தன. மேகம் அவர்களுக்குக் கீழே இருந்தது. தேயிலைச் செடிகள் மேகத்தின் விளிம்பில் நின்றன. மூச்சு வாங்காமல் ஏறிக்கொண்டிருப்பதை நூரியா பாதி மலையில்தான் உணர்ந்தாள். தலைவலி கடைசியாக எப்போது வந்தது என்று நினைத்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

அப்போது பின்னால் "ஐயோ!" என்று சத்தம் கேட்டது.

திரும்பினாள். மீராசாஹிப் ஒற்றைக் காலில் நின்றார். பாதையோரமெல்லாம் தொட்டாச்சிணுங்கி படர்ந்திருந்தது. மிதித்த இடத்தில் இலைகள் மூடிக்கொண்டிருந்தன.

"என்ன?"

"முள்ளு!" என்றார். "முள்ளு குத்திட்டுது நூரியா! சுரீர் எண்டு..."

அப்படியே பாதையில் உட்கார்ந்தார். சிரித்தார். சிரிப்பு நடுவில் உடைந்து, கண்ணில் தண்ணீர் வந்தது. நூரியா அவர் காலை மடியில் எடுத்து, நகத்தால் அந்தச் சின்ன முள்ளை எடுத்தாள். ஒரு சொட்டு இரத்தம் வந்தது.

"நோவுதா?"

"நோவுது," என்றார், இனிப்பைச் சுவைப்பவர் போல. "நல்லா நோவுது."

சத்தம் கேட்டு மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் மூக்காயியும் இருந்தாள். கூடையோடு இறங்கி ஓடி வந்தாள்.

"என்னங்க மொதலாளி, விழுந்துட்டீங்களா?"

"இல்ல மூக்காயி. முள்ளுத்தான்."

மூக்காயிக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. விளங்கியதும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டு அவளும் அழுதாள். அன்று பகல் அவளுடைய லயத்து முற்றத்தில், அவள் கணவன் வேலுசாமியோடு மீராசாஹிப் சம்மணமிட்டு உட்கார்ந்து கேப்பைக் களியும் கீரையும் சாப்பிட்டார். இரண்டு ஆண்களும் தங்கள் கால்களை நீட்டி ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

வலது காலின் பெருவிரல் மட்டும் கடைசி வரை மரத்தே இருந்தது. மற்றதெல்லாம் திரும்பியது. அந்த வருஷம் முடிவதற்குள் அவர் யார் தோளையும் பிடிக்காமல் நடந்தார். ஒருநாள் சுபஹுக்குப் பிறகு, "இனி நான் தனியே போய்க்கொள்வன், நூரியா. நீ படுத்துக்க. இத்தன நாளா ஒனக்குக் கஷ்டம்," என்றார்.

நூரியா தலைத்துணியைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒங்கட காலுக்காக வந்தது முடிஞ்சி," என்றாள். "இனி என்ட காலுக்காக வாறன்."

அவர் சிரித்தார். இருவரும் இறங்கினார்கள். முந்திய நாள் பெய்த மழையில் மண் குழைந்து, விரல்களுக்கு நடுவே மெத்தென்று ஏறியது. ரப்பர் காய் வெடித்து விதைகள் எங்கோ பட்பட்டென்று தெறித்தன. நூரியா இப்போது வேகமாக நடப்பாள். ஆற்றுத் திருப்பத்தில் அவளுடைய வெள்ளைத் துணி பனியோடு பனியாகிவிட்டது. மீராசாஹிப் அவசரப்படவில்லை. தண்ணீருக்குள் அவள் இறங்கும் சலசலப்பு கேட்டது. அந்தச் சத்தம் வந்த பக்கமாக நடந்தார்.