மேல் ஒட்டில் விரிசல்

மார்ச் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, சைக்கிள் கடைக்குப் பின்னால் இருக்கும் தகரக் கூரைப் பட்டறையில், மின்சூளையிலிருந்து ஒரு ஈடாக இருபத்திரண்டு குவளைகள் வெளியே எடுக்கப்பட்டன. அவற்றில் பதினான்கின் கைப்பிடி விரிசல் விட்டிருந்தது.

குனிந்து எடுத்துக் கொடுத்தவள் பெரியவள். வாங்கி மேசையில் அடுக்கியவள் அவளுடைய தங்கை, சின்னவள். பட்டறை பெரியவளுடையது. சக்கரத்தில் உட்கார்ந்து குவளையின் உடம்பை எழுப்புவதும் அவள்தான். சின்னவளுக்குக் கைப்பிடி வேலை. ஈர மண்ணை முள்ளங்கி பருமனுக்கு உருட்டி, ஒரு கையில் தொங்கவிட்டு, மறு கையை நனைத்துக்கொண்டு பால் கறப்பதைப் போல இழுத்து இழுத்து நீட்டுவாள். பிறகு வெட்டி, வளைத்து, குவளையில் ஒட்டுவாள். இரண்டு வருடமாக இதுதான் வேலை. அதற்கு முன் ஒன்பது வருடம் ஒரு துணிக்கடையில் நின்றாள். வேலையாட்கள் உட்காரக் கூடாத கடை.

"எத்தன?" என்றாள் பெரியவள், சூளைக்குள் தலையை விட்டபடியே.

"பதினாலு."

"போன ஈட்டுல?"

"ஒம்போது. நீதான எண்ணின."

பெரியவள் நிமிர்ந்து வந்து ஒரு குவளையைத் தூக்கிப் பார்த்தாள். கைப்பிடி மேலே உடம்போடு சேரும் இடத்தில் ஒரு கோடு. தூக்கியதும் கோடு வாயைத் திறந்தது.

"கப்பாடி இது? எல்லாம் சண்டையில காதக் கடிச்சு விட்ட மாதிரி நிக்குது."

ஊர் ஆஸ்பத்திரியின் நர்சுகள் ஓய்வறைக்கு அறுபது குவளைகள் கேட்டிருந்தார்கள். ஏப்ரல் நான்காம் தேதி கொடுக்க வேண்டும். தலைமை நர்சே நேரில் வந்து, இரண்டு விரல் தாராளமாக நுழையும் கைப்பிடியாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"இங்க பாரு," என்றாள் பெரியவள். "அடுத்த ஈடும் இப்படியே வந்தா, பிடி இல்லாம தரேன்னு போன் போட்டுச் சொல்லிடுவேன். டம்ளர் மாதிரி. நீ முன்னாடி உக்காந்து வர்றவங்களுக்கு வித்துக் குடு. ஸ்டூல் போட்டுத் தரேன், நிக்க வேணாம்."

"சூடா ஊத்தினா எப்படிப் பிடிப்பாங்க?"

"நர்சுங்க எதையெதையோ பிடிக்கிறாங்க. இதப் பிடிக்க மாட்டாங்களா?"

சின்னவள் சிரிக்கவில்லை. கைப்பிடி போனால் பட்டறையில் தனக்கு வேலை இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஸ்டூல் இருந்தாலும் கடை கடைதான்.

பெரியவள் சக்கரத்துக்குப் போனதும் சின்னவள் சுத்தியலை எடுத்து, பதினான்கு குவளைகளின் கைப்பிடியையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பெயர்த்தாள். பெயர்ந்த இடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். இரண்டு கைப்பிடிகள் வழுவழுவென்று வந்துவிட்டன. ஒட்டு பிடிப்பதற்காக உடம்பில் போட வேண்டிய கீறலே இல்லை. அவசரத்தில் கீறாமல் ஒட்டியிருக்கிறாள். மற்ற பன்னிரண்டில் இரண்டு பக்கமும் கீறல் ஒன்றோடொன்று கவ்வியிருந்தது. மண்குழம்பு நன்றாகப் பிடித்திருந்தது. ஒட்டு விடவில்லை, ஒட்டின் மேல்புறத்தில் மண்ணே கிழிந்திருந்தது.

"ரெண்டு என் தப்பு," என்றாள் உரக்க.

சக்கரம் நிற்கவில்லை. "மீதி?"

"தெரியல."

"மண்ணு சரியில்லையோ?"

"மண்ணுன்னா அடியில வெடிக்கணும், உடம்புல வெடிக்கணும். பன்னெண்டும் ஒரே எடத்துல வெடிச்சிருக்கு."

"அப்ப கைதான்," என்றாள் பெரியவள்.

கீறுவதற்கு அதுவரை சின்னவள் முள்கரண்டி வைத்திருந்தாள். இன்னும் ஆழமாகக் கீறிப் பார்க்கலாம் என்று, உடைந்த ரம்பப் பிளேடு கேட்டு முன்பக்கம் சைக்கிள் கடைக்குப் போனாள். சைக்கிள்காரர் ஒரு ட்யூபை மடியில் போட்டு உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பிளேடா? எதுக்கு, அக்கா கழுத்துக்கா?"

"இன்னும் அந்த அளவுக்குப் போகல. கப்பக் கீற."

அவர் டப்பாவைத் துழாவிக்கொண்டிருக்கும்போது அவள் பதினான்கு கதையையும் சொன்னாள். அவர் பிளேடைத் துடைத்துக் கொடுத்தார்.

"ஒட்டு விட்டுடுச்சுன்னு என்கிட்டயும் வந்து கத்துவாங்கம்மா. நான் மொதல்ல ஒட்டப் பாக்க மாட்டேன். ஒட்டிக் குடுத்தப்புறம் வண்டியில யார ஏத்துன, எத்தன பேர ஏத்துன, எங்க நிறுத்துனன்னு கேப்பேன். பாதி நேரம் தப்பு அங்கதான் இருக்கும்."

"மீதிப் பாதி?"

"அத வெளியில சொல்றதில்ல."

மறுநாள் புதன்கிழமை இருபது குவளைகளுக்குக் கைப்பிடி வைத்தாள். இம்முறை எதையும் அவசரப்படுத்தவில்லை. கைப்பிடிகளைக் காலையிலேயே இழுத்து வளைத்து, பலகையில் விட்டுவைத்தாள். குவளையை அழுத்தினால் குழி விழக் கூடாது, நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும். கைப்பிடியும் அதே பதத்துக்கு வரும்வரை கைகட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் பிளேடால் குறுக்கும் நெடுக்கும் கீறி, அதே மண்ணில் கரைத்த கெட்டிக் குழம்பில் சில சொட்டு வினிகர் விட்டுத் தடவி, லேசாக ஆட்டி ஆட்டி, குழம்பு ஓரத்தில் பிதுங்கும்வரை அழுத்தினாள். ஒட்டைச் சுற்றி நூல் போல மெல்லிய மண்திரி வைத்து விரலால் இழைத்தாள்.

"வினிகர் நாறுது. பட்டறையா, ஓட்டலா?" என்று சக்கரத்திலிருந்து குரல் வந்தது.

"சாப்பிட்டுட்டு பில் குடுத்துட்டுப் போ."

இருபதில் பத்தை வழக்கமான இரும்பு அடுக்கில் வைத்தாள். மீதிப் பத்தைத் தன் மேசைக்கு அடியில், பழைய மரப்பெட்டிகளுக்கு நடுவே ஒளித்தாற்போல வைத்தாள். இரண்டையும் பிளாஸ்டிக் தாளால் போர்த்தினாள். மண், கை, குழம்பு, தாள் எல்லாம் ஒன்றுதான். இடம் மட்டும் வேறு.

வியாழன் மாலை தாளை விலக்கி, ஒவ்வொரு ஒட்டையும் ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தாள். விரிசல் இருந்தால் தண்ணீர் அதில் இறங்கிக் கறுப்புக் கோடாகத் தெரியும். அடுக்கில் இருந்த பத்தில் நான்கில் கோடு தெரிந்தது. மேசைக்கு அடியில் ஒன்றிலும் இல்லை.

இன்னொன்றையும் கவனித்தாள். அடுக்கில் குவளைகளை அவள் கைக்கு வந்தபடிதான் வைத்திருந்தாள். இப்போது பத்தின் கைப்பிடிகளும் மேற்கு ஜன்னலைப் பார்த்து, அளவெடுத்தாற்போல வரிசையாக நின்றன.

பட்டறைக்கு மூன்று சாவிகள். ஒன்று பெரியவளிடம், ஒன்று அவளிடம். மூன்றாவது பெரியவளின் கணவரிடம். அவர் முப்பது வருடம் பள்ளியில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்கு விசில் என்று பெயர். வீட்டில் செருப்புகளைக்கூட உயர வரிசையில் நிறுத்துவார். தினமும் மதியம் அக்காவும் தங்கையும் பெரியவள் வீட்டில் சேர்ந்து சாப்பிடுவார்கள். அவர் முன்னதாகவே சாப்பிட்டுவிட்டு, நடக்கப் போகிறேன் என்று கிளம்புவார். ஒரு மணி வெயிலில் என்ன நடை என்று சின்னவள் ஒரு முறை கேட்டிருக்கிறாள். "டாக்டர் சொல்லிருக்காரு," என்று பெரியவள்தான் பதில் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை சின்னவள் பல் வலி என்றாள். டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன், சாப்பாட்டுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, சைக்கிள் கடையில் தொங்கும் டயர்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். சைக்கிள்காரர் எதுவும் கேட்காமல் ஒரு பழைய சீட்டைத் தள்ளிவிட்டார். ஒன்று இருபதுக்கு விசில் வந்தார். பூட்டைத் திறந்து உள்ளே போனார். அவள் ஐந்து நிமிடம் விட்டுப் பின்னாலேயே போனாள்.

அடுக்கின் தாள் நான்காக மடிக்கப்பட்டு ஸ்டூலின் மேல் இருந்தது. ஜன்னல் கதவு இரண்டும் விரியத் திறந்திருந்தன. அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கடைசிக் குவளையை நூல் பிடித்தாற்போலத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அத்தான்."

அவர் குவளையைப் பத்திரமாக விட்டுவிட்டுத்தான் திரும்பினார். "பல்லு வலின்னாங்களே?"

"போயிடுச்சு."

"நல்ல டாக்டர்தான்."

"கவர எதுக்கு எடுத்தீங்க?"

"காத்தோட்டம்மா. மூடியே கெடந்தா எப்பக் காயும்?"

"பிடிய எதுக்கு ஜன்னல் பக்கம் திருப்புறீங்க?"

"ஆளுக்கொரு பக்கம் பாத்துக்கிட்டு நின்னா எனக்குக் கண்ணு உறுத்தும்."

"எத்தன நாளா?"

அவர் பொய் சொல்லிப் பழகாதவர். "பிப்ரவரி இருபத்தி மூணுலேர்ந்து. ஞாயித்துக்கிழம கெடையாது."

"யாரு சொன்னா?"

ஸ்டூலில் இருந்த தாளை எடுத்து எட்டாக மடித்தார். "எனக்கே தோணிச்சு."

"நாங்க வர்றதுக்குள்ள திரும்பப் போத்தி வெக்கிறதும் உங்களுக்கே தோணிச்சா?"

தாளை இன்னும் ஒரு மடிப்பு மடிக்க இடமிருந்தது. மடித்தார். "ஸ்கூல்ல விசில ஒளிச்சது யாருடான்னு கேட்டா ஒரு பயலும் காட்டிக் குடுக்க மாட்டான். அப்பல்லாம் எனக்குக் கோவம் வரும். இப்பத்தான் அந்தப் பசங்க கஷ்டம் புரியுது."

சின்னவள் ஒரு குவளையைப் பலகையோடு நகர்த்தி அவர் முன் வைத்தாள். "பிடியத் தொடுங்க. இப்ப உடம்பத் தொடுங்க."

கைப்பிடி வெளுத்து உலர்ந்திருந்தது. உடம்பு இன்னும் கறுத்து, தொட்டால் சில்லென்று இருந்தது.

"மண்ணு காஞ்சா சுருங்கும் அத்தான். பிடி மெலிசு, சுத்தியும் காத்து. அது முந்திக்கிட்டுச் சுருங்கி இழுக்குது. உடம்பு ஈரமா நின்ன எடத்துலயே நிக்குது. நடுவுல மாட்டிக்கிட்டது ஒட்டு. அதான் கிழியுது. ரெண்டும் சேந்து மெதுவாக் காயணும், அதுக்குத்தான் கவர்."

"நடுவுல மாட்டிக்கிட்டவன் கதி எனக்குத் தெரியும்மா," என்றார் விசில்.

பெரியவள் இரண்டரை மணிக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள். திறந்த ஜன்னல், மடித்த தாள், கணவர், தங்கை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"பல்லுல கோளாறு இல்லையாம்," என்றாள் சின்னவள். "யாரோ கவரத்தான் எடுத்துடறாங்களாம்."

பெரியவள் உள்ளே வந்து சக்கரத்தின் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "நாலு நாள் போத்தியே வெச்சா எப்பச் சூளை போடறது? அறுபது கப்பு. நாலாந்தேதி. உன்னக் கேட்டா ஒத்துக்க மாட்ட."

"கேக்கவே இல்லையே நீ."

"கேட்டிருந்தா என்ன சொல்லிருப்ப?"

"நாலு நாள் ஆகும்னு சொல்லிருப்பேன்."

"அதான் கேக்கல."

விசில் மெதுவாக வாசல் பக்கம் நகர்ந்தார். "நீங்க அங்கயே நில்லுங்க," என்றாள் பெரியவள். அவர் நின்றார்.

"செவ்வாக்கெழம பதினாலு கப்ப முன்னால வெச்சுக்கிட்டு, என்னப் போய் ஸ்டூல்ல உக்காருன்னு சொன்ன," என்றாள் சின்னவள். குரலை உயர்த்தவில்லை. "அப்ப உனக்கு இது தெரியுமா?"

முன்னால் யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது. பெரியவள் சக்கரத்தில் ஒட்டியிருந்த காய்ந்த மண்ணை நகத்தால் சுரண்டினாள்.

"சந்தேகம் இருந்துச்சு," என்றாள்.

"சந்தேகம் இருந்தும் கைதான்னு சொன்ன."

"சொன்னேன்."

சின்னவள் மேசைக்கு அடியிலிருந்த பத்துக் குவளைகளையும் வெளியே எடுத்து வைத்தாள். பெரியவள் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டு வந்து, ஒவ்வொன்றின் மேல் ஒட்டையும் கீழ் ஒட்டையும் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கறுப்புக் கோட்டைத் தேடினாள். இருபது நிமிடம் ஆயிற்று. பத்திலும் இல்லை. கடைசிக் குவளையை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். தேதி மாற்றுவது அவளுக்குப் பிடிக்காத காரியம். பட்டறை வைத்த ஏழு வருடத்தில் ஒருமுறைகூட அவள் அதைச் செய்ததில்லை.

"ரெண்டு வாரம் தள்ளித் தரோம்மா... ஆமா, எங்க தப்புதான். காய வெக்கிறதுல அவசரப்பட்டுட்டோம்... இல்ல இல்ல, பிடியோடதான்."

போனை வைத்ததும் கணவரைப் பார்த்தாள். "இனிமே இந்தப் பக்கம் கை வெக்காதீங்க."

"அப்ப மத்தியானம் நான் என்ன பண்றது?"

"நடங்க. நடக்கப் போறேன்னுதான சொல்லிட்டு வர்றீங்க."

தங்கையிடம் அவள் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. சின்னவளும் எதிர்பார்க்கவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு, எட்டுக்கு மேல் மடிக்கப்பட்டிருந்த தாளைப் பிரிக்க இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள்.

விரிசல் கண்ட நான்கும் உடைக்கப்பட்டு மண் தொட்டிக்குப் போயின. அடுத்து வந்த நாட்களில் கைப்பிடி ஒட்டிய குவளைகள் முதல் இரண்டு நாள் முழுக்கப் போர்த்தப்பட்டிருந்தன. மூன்றாம் நாள் தாள் பாதி விலக்கப்பட்டு, கைப்பிடியில் மட்டும் ஒரு துண்டு பிளாஸ்டிக் சுற்றப்பட்டது. நான்காம் நாள் உடம்பும் பிடியும் ஒரே நிறத்துக்கு வந்த பிறகே தாள் எடுக்கப்பட்டது. கைப்பிடிகள் அறுபத்தாறையும் சின்னவளே வைத்தாள். மூன்று ஈடாகச் சூளையில் ஏற்றினார்கள். இரண்டில் மேல் ஒட்டு விட்டது. ஒன்று அடியில் வெடித்தது.

ஏப்ரல் பதினெட்டாம் தேதி, சனிக்கிழமை, அறுபது குவளைகள் ஆஸ்பத்திரியில் ஒப்படைக்கப்பட்டன.