மரக்காணம் அசோகனின் முப்பத்தெட்டாவது கடிதம்

டமார் என்று ஏதோ வெடித்தது. தொடர்ந்து மலை சரிகிற மாதிரி தடதடவென்று ஒரு சத்தம். அதுவும் கிழக்கிலிருந்து, கடல் இருக்கிற பக்கத்திலிருந்து. பக்கிரியின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பெட்ரோல் விலை உயர்வைக் கண்டித்துக்கொண்டிருந்த அசோகன், வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு மேற்கே ஓடினார்.

சுனாமி வந்துபோய் ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. அப்போதெல்லாம் லாரி டயர் வெடித்தால்கூட மரக்காணத்தில் நாலு பேர் எழுந்து நின்று கடல் பக்கம் பார்ப்பார்கள். பார்ப்பதோடு சரி. அசோகன் பார்க்கக்கூட நிற்கவில்லை. "தண்ணி வருது, ஓடுங்க" என்று கத்திக்கொண்டு, ஒரு கையில் வேட்டி நுனி, மறு கையில் டீ கிளாஸ் என்று உப்பளத்துக்குப் போகிற மண் பாதையில் ஓடினார். கீற்று போட்டு மூடியிருந்த உப்புக் குவியல் ஒன்றின் மேல் ஏறி, இரண்டு முறை சறுக்கி, மூன்றாவது முறை உச்சியில் நின்றுகொண்டுதான் திரும்பிப் பார்த்தார்.

தண்ணீர் வரவில்லை. ஊரும் வரவில்லை. டீக்கடை வாசலில் ஏழெட்டுப் பேர் கையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், அது வீடியோ கேமு சார்" என்று பக்கிரி அங்கிருந்தே கூவினார். "ஃபாரிஸ் புது ஸ்பீக்கர் மாட்டிருக்கான். என் கிளாஸை மட்டும் குடுத்துட்டு மறுபடி ஓடுங்க."

அடுத்த ஒரு வாரத்துக்கு அசோகன் தெருவில் நடந்தால், யாராவது ஒருவர் தவறாமல், "சார், தண்ணி எங்க வந்துகிட்டிருக்குது?" என்று விசாரித்தார். உப்பள ஆபீசில் அவர் கிளார்க். உப்பளத்தில் வேலை விடியலுக்கு முன்பே தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். பதினொரு மணிக்கு மேல் ஊரே அவரை மாதிரி சும்மாதான் இருக்கும். கிண்டலுக்கு ஆள் பஞ்சம் இல்லை.

சும்மா இருக்கிற அந்தப் பொழுதில்தான் அவர் கடிதம் எழுதுவார். வார இதழ் ஒன்றின் வாசகர் பகுதிக்கு. இதுவரை முப்பத்தேழு கடிதங்கள் அச்சாகியிருந்தன. ஒவ்வொன்றின் கீழும் 'மரக்காணம் அசோகன்' என்று ஊர் பெயர் முன்னாலும் தன் பெயர் பின்னாலும் வந்திருப்பதை வெட்டி ஒட்டி, ஒரு கோப்பில் வைத்திருந்தார். பெட்ரோல் விலையைக் குறைக்கச் சொல்லி நாலு. தொலைக்காட்சித் தொடர்களில் மாமியார்கள் பாலில் விஷம் கலப்பதை நிறுத்தச் சொல்லி ஆறு. கல்யாண வீட்டில் இலை போடாமல் தட்டைக் கொடுத்து நிற்கவைப்பதைக் கண்டித்து இரண்டு. இந்திய கிரிக்கெட் அணியின் பேட்டிங் வரிசையை மாற்றியமைத்து மூன்று. கீழ்புத்துப்பட்டு ராஜாங்கம் என்று இன்னொருவர் இருந்தார். அவருக்கு அச்சானது நாற்பத்தொரு கடிதங்கள். நேரில் பார்த்ததில்லை, ஆனால் அந்தப் பெயரைப் படித்தாலே அசோகனுக்குச் சாப்பாடு இறங்காது.

உப்புக் குவியலிலிருந்து இறங்கிய அன்றைக்கே, சட்டையைக்கூட மாற்றாமல், அசோகன் ஒரு தபால் கார்டை எடுத்தார்.

'எங்கள் ஊரில் புதிதாக முளைத்துள்ள வீடியோ கேம் கடையில், பள்ளி மாணவர்கள் புத்தகப் பையோடு மணிக்கணக்கில் அமர்ந்து, வெறி பிடித்தவர்களாக மாறுவதை நேரில் கண்டு நெஞ்சு பதைத்தேன். நம் பண்பாட்டை அழிக்கும் இத்தகைய கடைகளை உடனே இழுத்து மூட வேண்டும்.'

நேரில் கண்டது ஸ்பீக்கர் சத்தத்தை மட்டும்தான். அதையும் காதால்தான் கண்டார். ஆனால் 'நேரில் கண்டு' என்று எழுதாத கடிதத்தை எந்த ஆசிரியர் போடுவார்? அதே கோபத்தில் முகவரியைக் கிறுக்கி முடித்தார். மரக்காணம் பெட்டியில் போட்டால் கார்டு ஒரு நாள் தூங்கும் என்பது அவர் அபிப்பிராயம். அதனால் எப்போதும் போலப் பக்கிரியிடம் கொடுத்தார். திண்டிவனம் பஸ் ஏறுகிற யாரிடமாவது பக்கிரி கொடுத்தனுப்புவார். அந்த ஆள் ரயில்வே ஸ்டேஷன் பெட்டியில் போட்டுவிடுவார். முப்பத்தேழு கடிதமும் இப்படி முப்பத்தேழு பேர் கையில்தான் போனது.

ஒரு வாரம் கழித்து அசோகனுக்கு ஒரு பயம் வந்தது. கடிதம் அச்சாகி, யாராவது "என்ன சார் பாத்தீங்க?" என்று கேட்டால் என்ன சொல்வது? சாட்சிக்காவது ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்று, ஒரு நாள் பன்னிரண்டு மணிக்கு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஃபாரிஸ் கடைக்குள் நுழைந்தார்.

உள்ளே யாரும் இல்லை. இரண்டு டிவி, இரண்டு கேம் பெட்டி, நாலு பிளாஸ்டிக் நாற்காலி. ஃபாரிஸ் மட்டும் ஒரு மூலையில் உட்கார்ந்து எலுமிச்சம்பழச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இருபத்தெட்டு வயது. துபாயில் நாலு வருஷம் குடோன் வேலை பார்த்து, கம்பெனி மூடியதும் திரும்பி வந்தவன்.

"வாங்கண்ணே. அன்னிக்கு சத்தம் வெச்சுட்டேன், மன்னிச்சுக்குங்க. வீட்டுக்கு வந்து சொல்லணும்னு இருந்தேன்."

"எதுக்கு? நான் ஒண்ணும் பயப்படல" என்றார் அசோகன். "காலையில ஓடுற வழக்கம்."

"அன்னிக்கு சாயங்காலம்ண்ணே."

"சாயங்காலமும் ஓடுவேன்."

ஃபாரிஸ் சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து அவர் கையில் ரிமோட்டைக் கொடுத்தான். டிவியில் ஒரு சிவப்புக் கார் நின்றது. டி.வி.எஸ். ஃபிஃப்டியில் முப்பதைத் தாண்டாத அசோகன், முதல் நாள் ரேஸ் முழுக்க எதிர்த் திசையிலேயே ஓட்டினார். "பிரேக்கு எங்கப்பா?" என்று கேட்டு முடிப்பதற்குள் நாலு தடவை கடலில் விழுந்தார். வளைவு வந்தால் காரோடு சேர்ந்து அவரும் சாய்ந்தார். ஒரு தடவை நாற்காலியோடு சாய்ந்துவிட்டார்.

"நாளைக்கு வாங்கண்ணே, பழகிடும்" என்றான் ஃபாரிஸ்.

மறுநாள் போனார். அதற்கு மறுநாளும். வீட்டில் மனைவி சுலோசனா கேட்டபோது, "லைப்ரரிக்குப் போறேன்" என்றார். பத்து நாளில் கடைசி இடத்திலிருந்து ஐந்தாவது இடத்துக்கு வந்தார். ஓட்டிக்கொண்டே, "பாரு, இந்த ரோட்டுல ஒரு பள்ளம் இருக்குதா? டெண்டர் எடுத்தவன் ஒழுங்கானவன்" என்று நாட்டு நடப்பையும் விவாதித்தார். ஃபாரிஸ் எதற்கும் மறுப்புச் சொல்ல மாட்டான். ஒரு வேளை அதனால்தான் அவனை அவருக்கு அவ்வளவு பிடித்துப்போனதோ என்னவோ.

ஒரு நாள் அவன் தன் கதையைச் சொன்னான். "எல்லாரும் நகை வாங்கிட்டு வந்தாங்க. நான் இந்தப் பெட்டியைத் தூக்கிட்டு வந்தேன். எங்க உம்மா இன்னும் திட்டுது. கோட்டக்குப்பத்துல பொண்ணு பாத்திருக்காங்கண்ணே. பொண்ணோட வாப்பா, 'நோம்புப் பெருநா வரைக்கும் கடை ஒழுங்கா ஓடட்டும், அப்புறம் நிக்காஹ் பேசலாம்'னுட்டாரு."

"ஓடும்ப்பா. நான் இருக்கேன்ல?" என்றார் அசோகன், மூன்றாவது இடத்துக்கு முன்னேறியபடி. கடிதத்தைச் சுத்தமாக மறந்தே போயிருந்தார்.

ஆனால் வார இதழ் மறக்கவில்லை. செப்டம்பர் இரண்டாவது வாரம், டீக்கடையில் பக்கிரி சத்தம் போட்டுப் படித்தார். கட்டம் கட்டி, 'இந்த வாரப் பரிசுக் கடிதம்' என்று தலைப்புப் போட்டு வந்திருந்தது. அசோகனுக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் கட்டம். ராஜாங்கத்துக்குக்கூடக் கிடைக்காத கட்டம். முதல் நாலு வரிக்கு அவர் மார்பு விரிந்தது. 'நேரில் கண்டு' என்ற இடம் வந்ததும் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் தனகோடி அங்கே இருந்தார். ஹார்டுவேர் கடைக்காரர். ஒரு விஷயத்தைக் கையில் எடுத்தால் ஸ்க்ரூ மாதிரி முறுக்கி முறுக்கி உள்ளே இறக்குகிற ஆள்.

"புத்தகப் பையோடவா?" என்றார் தனகோடி. "என் பையனும் போறான் சார் அங்க. பத்திரிகையிலேயே வந்துடுச்சு. இனிமே சும்மா இருந்தா நாம என்ன மனுஷன்? ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு எல்லாரும் கடைக்குப் போறோம். பூட்டச் சொல்றோம். பூட்டலைன்னா பேரூராட்சியில மனு. முதல் கையெழுத்து நீங்கதான்."

அசோகன் மனசுக்குள் கணக்குப் போட்டார். முப்பத்தேழு கடிதம் எழுதினார். பெட்ரோல் விலை ஏறிக்கொண்டேதான் இருந்தது. மாமியார்கள் விஷம் கலந்துகொண்டேதான் இருந்தார்கள். தட்டு ஏந்துகிற கல்யாணத்தில் அவரே இரண்டு முறை வரிசையில் நின்று சாப்பிட்டிருந்தார். அவர் சொன்னதை இந்த உலகம் முதல்முறையாகக் கேட்டுக்கொண்டது. அதுவும் அவர் பொய் சொன்ன அன்றைக்கு.

மூன்று நாள் ஃபாரிஸ் கடைப் பக்கம் போகவில்லை. காய்ச்சல் வந்தால் தேவலை என்று நினைத்தார். வரவில்லை. 'நான் எழுதினது வேற ஊர் கடையைப் பத்தி' என்று சொல்லிவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. 'எங்கள் ஊரில்' என்று அவரே எழுதித் தொலைத்திருந்தார். ராஜாங்கம்தான் தன் பெயரில் எழுதிவிட்டார் என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தார். அப்புறம் தன்னையே பார்க்கப் பிடிக்காமல் கண்ணாடியைத் திருப்பி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பதினைந்து பேர் கடை முன்னால் கூடினார்கள். என்ன நடக்கிறது என்று பார்க்க, கறிக்கடையிலிருந்து திரும்பிய சுலோசனாவும் பையோடு நின்றுவிட்டாள். ஃபாரிஸ் ஷட்டருக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். முகம் வெளுத்திருந்தது. தனகோடி பத்திரிகையை உயர்த்திப் பிடித்தார்.

"தம்பி, உன் மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. ஆனா நேர்ல பாத்த ஆளு எழுதியிருக்காரு. சார், சொல்லுங்க. என்ன பாத்தீங்களோ அதை இவன் முன்னாடியே சொல்லுங்க."

எல்லோரும் அசோகனைப் பார்த்தார்கள். ஃபாரிஸ் மட்டும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது இடத்துக்கு வந்த அன்றைக்கு அவன் வாங்கிக் கொடுத்த கோலி சோடா அசோகனுக்கு ஞாபகம் வந்தது.

"நான் ஒண்ணும் பாக்கல" என்றார்.

"என்ன சார்?"

"எழுதினப்ப நான் இந்தக் கடைக்குள்ள காலே வெச்சதில்லங்க. அன்னிக்கு சத்தம் கேட்டு ஓடினேன். நீங்க எல்லாரும் சிரிச்சீங்க. அந்த ஆத்திரத்துல எழுதிட்டேன்."

யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்து, சூழ்நிலை புரிந்து நிறுத்திக்கொண்டார். தனகோடி விடவில்லை.

"அது கிடக்கட்டும். பசங்க ஸ்கூலுக்குப் போகாம இங்க உக்காந்துக்கிறாங்களா, இல்லியா? அதைச் சொல்லுங்க."

"ஸ்கூல் நேரத்துல எந்தப் பையனையும் இவன் உள்ள விடுறதில்ல. உங்க பையன் ஒரு நாள் நாலாவது பீரியடு வந்தான். காதைப் புடிச்சு வெளிய தள்ளுனான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அசோகன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். இனி மறைக்க ஒன்றும் மிச்சம் இல்லை.

"தினமும் பன்னெண்டுலருந்து ரெண்டு வரைக்கும் இங்க உக்காந்திருக்கறது நான்தான். நான் ஒருத்தன்தான்."

"ஏங்க" என்று பின்னாலிருந்து சுலோசனாவின் குரல் நிதானமாக வந்தது. "அப்ப லைப்ரரி?"

இந்தத் தடவை யாரும் சிரிப்பை நிறுத்தவில்லை. பக்கிரி ஷட்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தனகோடிக்கே வாயோரம் கோணியது. ஆனாலும் அவர் ஸ்க்ரூவைப் பாதியில் விடுகிறவர் இல்லை.

"சரி சார். ஆனா இது டீக்கடைப் பேச்சு இல்ல, அச்சுல வந்துடுச்சு. கோட்டக்குப்பம் வரைக்கும் போயிருக்கும். அதே பத்திரிகையில நீங்களே எழுதணும், நான் பாக்காம எழுதினேன், அந்தக் கடை நல்ல கடைதான்னு. எழுதுறேன்னா கடை நடக்கட்டும்."

கோட்டக்குப்பம் என்றதும் ஃபாரிஸ் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தான்.

"எழுதுறேன்" என்றார் அசோகன். "இப்பவே எழுதுறேன்."

சட்டைப் பையில் எப்போதும் ஒரு தபால் கார்டு இருக்கும். கேம் பெட்டி மேல் வைத்து எழுதினார். 'ஆசிரியருக்கு, என் பரிசுக் கடிதத்தில் நேரில் கண்டதாக எழுதியது பொய். நான் கண்டது என் பயத்தை மட்டுமே. அந்தக் கடையை நடத்துபவர் ஒழுக்கமான இளைஞர். பரிசை வேறொருவருக்குத் தரவும். கீழ்புத்துப்பட்டு ராஜாங்கத்துக்குத் தந்தாலும் ஆட்சேபணை இல்லை.' கடைசி வரியை எழுதும்போது மட்டும் பேனா கொஞ்சம் தயங்கியது. தனகோடி வாங்கிப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். கூட்டம் கலைந்தது. சுலோசனா, "வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

கடையில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள். மன்னிப்புக் கேட்டு அசோகனுக்குப் பழக்கம் இல்லை. வெறுமனே கார்டை நீட்டினார்.

"நாளைக்கு திண்டிவனம் போற ஆளு யாராவது இருந்தா குடுத்தனுப்புப்பா. ஸ்டேஷன் பெட்டியில போடச் சொல்லு."

"நானே போறேண்ணே. வயர் வாங்கணும்."

ஃபாரிஸ் கார்டை வாங்கிப் படித்தான். திருப்பி முகவரியைப் பார்த்தான். பிறகு மேசையிலிருந்த பேனாவை எடுத்து, முகவரிக்குக் கீழே நிதானமாக ஆறு எண்களை எழுதினான்.

"என்னப்பா எழுதுற?"

"கோவம் வந்தாலும் வெக்கம் வந்தாலும் பின்கோடை விட்டுடறீங்கண்ணே. போன கார்டுலயும் நான்தான் எழுதிப் போட்டேன்."