எதிர்ச்சுற்று

ஏலியோ கிராவெரோ தன் மாமனாரின் டிராக்டரைச் சரிசெய்து முதன்முதலாக ஓட்டிய அன்று, லொரேத்தா குடியேற்றத்தில் கோழிகள் அந்த வாரம் இட்ட முட்டைகளைத் திரும்ப உள்ளே வாங்கிக்கொண்டன. கறந்த பால் மடிக்கு ஏறியது. பக்கத்து வீட்டு இல்தா நாலு நாள் முன்பு பிடுங்கிப் போட்ட கடைவாய்ப்பல், வலியோடு சேர்ந்து, பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தது.

தவறு சின்னதுதான். அந்தக் காலத்து ஒற்றைச் சிலிண்டர் டிராக்டருக்குச் சாவி கிடையாது. எஞ்சினின் மூக்கில் இருக்கும் இரும்புக் குமிழை ஊதுவிளக்கால் சிவக்கக் காய்ச்சி, ஸ்டியரிங்கைத் தண்டோடு உருவி, பக்கத்தில் இருக்கும் ஃப்ளைவீலின் நடுவில் செருகி, முன்னும் பின்னும் ஆட்டி, சரியான சமயத்தில் தள்ளிவிட வேண்டும். சமயம் தப்பினால் எஞ்சின் எதிர்ப்பக்கம் சுற்றும். சத்தத்தில் வித்தியாசம் தெரியாது. முன் கியர் போட்டவன் பின்னால் போய் வேலியில் இடிப்பான். சாந்தா ஃபே சமவெளியில் பழைய டிராக்டர் வைத்திருக்கும் யாரும் ஒரு தடவையாவது வேலியை மறுபடி கட்டியிருப்பார்கள். ஏலியோவும் இடித்தான். கூடவே, டிராக்டரின் சத்தம் எட்டிய தூரம்வரை எல்லாமே ஒரு வாரம் பின்னால் போயிருந்தது. மனிதர்களின் நினைவு மட்டும் அப்படியே இருந்தது.

இல்தா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வேலியருகே வந்தாள்.

“ஏம்ப்பா ஏலியோ, உன் டிராக்டர் என் பல்லத் திருப்பிக் குடுத்திருக்கு. நான் கேட்டனா?”

ஏலியோவின் மனைவி தெல்மிரா இரண்டு குளிர்காலத்துக்கு முன், ஒரு திங்கட்கிழமை காலை, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது தலைக்குள் ஒரு நரம்பு வெடித்து இறந்தாள். கடைசிப் படுக்கைவிரிப்பின் ஒரு முனைக்குத்தான் கிளிப் போட்டிருந்தாள். துணிக்கொடியின் ஒரு முனை யூகலிப்டஸ் மரத்திலும் மறுமுனை ஏலியோ எங்கிருந்தோ வாங்கிவந்த பழைய அறுவடை எந்திரத்திலும் கட்டியிருந்தது. அவன் அப்படிப் பல சேர்த்திருந்தான்: விதைக்கும் எந்திரம், மூன்று கொழுக் கலப்பை, அவள் அப்பா விட்டுப்போன இந்த டிராக்டர். அது சிலிண்டரில் விரிசல் விழுந்து கோழிக்கூண்டுக்குப் பின்னால் கிடந்தது. இரும்புக்குப் போட்டுவிடு என்று அவள் தினமும் சொல்வாள். அடக்கம் முடிந்து சில நாளில் ஏலியோ அந்த விரிசலுக்கு வெல்டிங் வைக்கத் தொடங்கினான். அழுததை யாரும் பார்க்கவில்லை. மற்ற வேலைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இல்தாவின் கணவன் ரெமோ மாத்தேக் கஷாயத்தை உறிஞ்சிக்கொண்டே வந்து டிராக்டரை ஒருமுறை சுற்றிப் பார்த்தான்.

“நீ என்ன யோசிக்கறன்னு ஊருக்கே தெரியும், தம்பி. ஓட்டு. புள்ளைய மட்டும் மொதல்ல வெளிய கொண்டுபோயிடறோம்.”

“அவ பொறந்தே எட்டு மாசந்தான் ஆவுது,” என்றாள் இல்தா. “நீ பாட்டுக்கு ரெண்டு வருசம் ஓட்டுனா எம்பேத்தி எங்க போவா?”

“வேணாம்னா விட்டுடறேன், இல்தாக்கா.”

“வேணாம்னு யாரு சொன்னா? பல்லு வலி, பேசறேன். ஓட்டு.”

குழந்தையைச் சத்தம் எட்டாத ஊரில், ரெமோவின் தம்பி வீட்டில் விட்டுவந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஏலியோ வேண்டுமென்றே சமயம் தப்பித் தள்ளினான். பெயிண்ட் உரிந்தது. துரு ஏறியது. வெளியூர்ச் சந்தையில் வாங்கிய பிஸ்டன் வளையம் தானே கழன்று, வந்த ஊரைப் பார்த்துச் சாலையில் உருண்டு போனது. எதிரே வந்த பஸ் ஒதுங்கி வழிவிட்டது. வளையம் இல்லை என்பதற்காக நிற்கிற எஞ்சின் இல்லை அது. ஈஸ்டருக்கு இறந்துபோன கசாப்புக்காரர் கந்தோல்ஃபோ கடைக்கு வந்து, தன் கத்திகளை இடம் மாற்றியது யார் என்று கேட்டார். கடைசியில் வெல்டிங் விட்டுப்போனது. விரிசல் திறந்தது. எஞ்சின் இருமி நின்றது. ஆனால் ஃப்ளைவீலுக்குக் கனம் அதிகம். தன் வேகத்திலேயே இன்னும் கொஞ்சம் சுற்றியது. அந்தச் சுற்றுகளில் மேலும் சில நாட்கள் போயின.

ஏலியோ கொல்லைக்குப் போய்ப் பார்த்தான். துணிகள் புழுதி படிந்து கொடியில் தொங்கின. அடக்கம் நடந்த மறுநாள் அது.

அவன் காப்பிகூடக் குடிக்காமல் வெல்டிங் வைக்க உட்கார்ந்தான். வார்ப்பிரும்பை அவசரப்படுத்த முடியாது. கரியில் சூடேற்றி, பற்றவைத்து, சாம்பலில் புதைத்து ஆறவிட வேண்டும். ஒரு நாள் பிடிக்கும். ஃப்ளைவீல் ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு நாளைவிடக் கொஞ்சம் கூடவே பின்னால் கொண்டுபோனது. அந்தக் கொஞ்சத்தைத்தான் அவன் சேர்த்தான். துக்க வீட்டுக்கு ஊர் மறுபடி வந்தது; அதே ரொட்டிகளைக் கொண்டுவந்தது. வீட்டுக்காரன் கோழிக்கூண்டுக்குப் பின்னால் பொறி பறக்க உட்கார்ந்திருந்ததை யாரும் தப்பாக நினைக்கவில்லை. எஞ்சின் நிற்கும்போதெல்லாம் இல்தா வேலிக்கு மேலே எட்டிக் கொடியில் கிடக்கும் துணியைப் பார்த்துச் சொல்வாள்.

“காஞ்சிருக்குப்பா!”

அடுத்த தடவை, “ஈரமா இருக்கு!”

அதற்கடுத்த தடவை ரெமோவும் அவளும் தெல்மிராவை அப்போதுதான் தூக்கிக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். இல்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு கொடியைப் பார்த்தாள்.

“சொட்டுதுப்பா. இன்னும் ஒரே வாட்டி.”

கடைசித் தடவை எஞ்சின் வழக்கத்தைவிட அதிகமாக இருமிக் கொல்லை முழுக்கக் கரும்புகையைக் கக்கியது. ஃப்ளைவீல் மேலும் சில சுற்றுச் சுற்றி ஓய்ந்தது.

“யோவ், ஏலியோ! அந்தச் சனியன இரும்புக்குப் போடுன்னு எத்தன தடவ சொல்றது? எல்லாத் துணிலயும் கரி! இப்பதான்யா துவைச்சேன்!”

தெல்மிரா துணிகளைப் பிடுங்கிக் கூடையில் எறிந்தாள். கடைசி விரிப்பைக் காயப்போடவே இல்லை. மறுபடி துவைக்க உள்ளே போனாள். நரம்பு வெடிக்க வேண்டிய நேரம் வந்தபோது அவள் தொட்டியில் குனிந்து கரியைத் தேய்த்துக்கொண்டு, புருசனையும் செத்துப்போன அப்பாவையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் அவளைத் தொடாமலே கடந்து போய்விட்டது. ஏலியோ ஃப்ளைவீலில் கை வைத்து, அது இனி அசையாதபடி பிடித்துக்கொண்டிருந்தான்.

இல்தாவின் பேத்தி அடுத்த பஸ்ஸில் ஒரு புதுப் பல்லோடு வந்தாள். அவள் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இன்னும் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. அந்த மாதமே பாதிரியார் முடித்துவைத்தார். மணப்பெண்ணின் மடியில் குழந்தை இருந்தது. தேதிகளை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. தெல்மிராவுக்கு எதுவும் நினைவில்லை. இறந்தவர்களுக்கு நினைவில் வைக்க ஒன்றும் நடந்திருக்காது. கந்தோல்ஃபோவுக்கும் அப்படித்தான். துணி காயப்போடும்போது ஏலியோ ஏன் இப்படிப் பார்க்கிறான் என்று மட்டும் அவள் கேட்பாள். ஒண்ணுமில்ல என்பான்.

டிராக்டரை அவன் இரும்புக்குப் போடவில்லை. புகைபோக்கியை இல்தா வீட்டுப் பக்கம் திருப்பி வைத்தான். இல்தா இந்தத் தடவை பல்லைப் பிடுங்காமல் சொத்தையை அடைத்துக்கொண்டாள். திங்கட்கிழமைப் புகை தன் துணியில் படியாமலிருக்க, துவைப்பதைச் செவ்வாய்க்கு மாற்றிக்கொண்டாள்.