காப்பிச் செடிக்குள் சாவி

சேர்வராயன் கோயில் திருவிழா அன்று காலையில், என் வீட்டுக்காரர் கருப்பண்ணனின் ஜீப் சாவியைக் காப்பித் தோட்டத்துக்குள் வீசி எறிந்தவள் நான்தான். கோபக்காரி என்று எங்கள் ஊர் கொட்டச்சேட்டில் எனக்குப் பெயர். அன்றைய கோபம் நியாயமானது என்றே நினைத்தேன்.

விடிந்ததிலிருந்து அவருக்கு வேர்த்துக்கொட்டியது. மலைக் குளிரில் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று விரலில் குத்திப் பார்த்தேன். இறங்கவில்லை, ஏறித்தான் இருந்தது. அப்படியென்றால் இந்த வேர்வை சர்க்கரை இறங்கியதால் வந்ததில்லை. சர்க்கரை நோய் பல வருஷம் இருந்தால் நரம்பு மரத்துப்போகும், மாரடைப்பு வந்தாலும் நெஞ்சு வலிக்காமல் போகலாம், வெறும் வேர்வையும் மூச்சிரைப்பும் என்றாலும் உடனே ஓடிவாருங்கள் என்று ஊர் ஆஸ்பத்திரி நர்ஸம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இவரோ சர்க்கரை கொஞ்சம் குறைந்ததும் இருதய மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிட்ட மகராசன்.

“ஏனுங்க, சேலத்துக்குப் போயிரலாமுங்க.”

“நெஞ்சு வலிச்சாத்தான புள்ள ஆஸ்பத்திரி? எனக்கு ஒரு வலியும் இல்ல. கோயிலுக்குச் சவாரி காத்துக்கிட்டு இருக்குது.”

ஜீப்பில் ஏறப் போனார். இந்த உடம்போடு, ஆட்களை ஏற்றிக்கொண்டு, மலைப் பாதையிலா? சாவியைப் பிடுங்கினேன். பிடுங்கியதோடு நின்றிருக்கலாம். வீசிவிட்டேன்.

திட்ட வாயெடுத்தார். திட்டு வரவில்லை. மூச்சுத்தான் வந்தது, அதுவும் அரைகுறையாக. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தார். உதடு வெளுத்துவிட்டது.

பக்கத்து வீட்டிலிருந்து கொழுந்தன் பாலகுமார் ஓடிவந்து ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டான்.

“திருவிழாக் கூட்டத்துல மேல ஏறி வர நொம்ப நேரமாகுமாம் அண்ணி. அடிவாரத்துக்கு இறக்கிட்டு வந்தா அங்க நிப்பாங்களாம். நான் ஓட்டறன், சாவியக் குடுங்க.”

நான் தோட்டத்தைக் காட்டினேன்.

செடிகளுக்கு அடியில் சருகு மெத்தையாகக் கிடந்தது. முட்டிபோட்டு இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் கொட்டினேன். மின்னியதெல்லாம் மிட்டாய்க் காகிதம். “சேர்வராயா, சாவியக் குடு, என்னிய எடுத்துக்க” என்று வாய்விட்டு அழுதேன். பாலகுமார் மறுபக்கம் தவழ்ந்துகொண்டிருந்தான். படியில் அவர் சுவரில் சாய்ந்து, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இடமாவது காட்டக் கூடாதா என்றால், கையைத் தூக்கவும் அவரால் முடியவில்லை.

சாவி தரையிலேயே இல்லை. ஒரு கிளையில் மாட்டிக்கொண்டு என் தலைக்கு மேலே தொங்கியது.

மலையேறும் வண்டிகள் வரிசைகட்டி நிற்க, நாங்கள் மட்டும் இறங்கினோம். அவரை என்மேல் சாய்த்துக்கொண்டு ஒவ்வொரு வளைவிலும் கேட்டேன், “வலிக்குதுங்களா?” இல்லை என்று தலையாட்டினார். ஒரே ஒரு தடவை ஐயோ என்று கத்த மாட்டாரா என்று ஏங்கினேன். விடியற்காலையிலேயே கத்தியிருந்தால் இந்நேரம் சேலத்தில் இருந்திருப்போம்.

அடிவாரத்தில் ஆம்புலன்ஸ் நின்றது. அதிலிருந்த தம்பி அவர் நெஞ்சில் ஒயர்களை ஒட்டினான். மிஷினிலிருந்து வந்த காகிதத்தைப் பார்த்தான். முகம் மாறிவிட்டது.

அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்குத்தான் நெஞ்சே வலிக்கலீங்களே, தம்பி.”

காலையில் வீம்பாகச் சொன்ன அதே பேச்சு. இப்போது கெஞ்சினார். அந்தத் தம்பி என்னையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிட்டு, வண்டியை எடுக்கச் சொன்னான்.